வளைகுடாக் கோப்பை: குவைத்தும் இராக்கும் ஆடிய கதை



வளைகுடா நாடுகளுக்கு ஒருவரேனும் பிழைக்கச் செல்லாத வீடு நம் மஹல்லாவில் அரிது. தம்மாம், தோஹா, மஸ்கத், ஷார்ஜா என்னும் பெயர்கள் பக்கத்து ஊர்களின் பெயர்களைப் போல நம் வீட்டுப் பெண்களின் நாவிலும் புழங்குகின்றன. ஆயினும் அந்நாட்டு மக்கள் எதற்காக மகிழ்கிறார்கள், எதற்காகத் தம்முள் பிணங்குகிறார்கள் என்பதை நாம் அறிந்துகொண்டது மிகக் குறைவே. அங்கிருந்து பேசும் நம் பிள்ளைகள் சில வேளைகளில், "இன்று இரவு தெருவெல்லாம் கொடியும் கார்களின் ஒலியுமாக இருக்கிறது, தூங்க முடியவில்லை" என்று சொல்வதுண்டு. அப்படிப்பட்ட இரவுகள் பலவற்றுக்குக் காரணமாக இருப்பது வளைகுடாக் கோப்பை என்னும் கால்பந்தாட்டப் போட்டியாகும். அரபு மொழியில் அதனைக் 'கஃஸுல் கலீஜ்' என்பர். கஃஸ் என்றால் கோப்பை. மதரஸாவில் ஓதியவர்களுக்கு அச்சொல் புதியதன்று. கலீஜ் என்றால் வளைகுடா. சென்னைப் பேச்சில் அழுக்கைக் குறிக்க வழங்கும் சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது. அது வேறொரு சொல்லின் திரிபு.

பந்தாட்டத்தைப் பற்றி ஓர் இமாம் எழுதுவதா என்று சிலர் வியக்கக்கூடும். நான் எழுத முற்படுவது ஆட்டத்தின் நுணுக்கங்களை அல்ல. அவை எனக்குத் தெரியவும் தெரியா. ஒரே மொழி பேசி, ஒரே கிப்லாவை நோக்கி நிற்கும் இரண்டு அண்டை நாடுகள் எவ்வாறு கூடின, எவ்வாறு பகைத்தன, எத்தனை ஆண்டுகள் கழித்து மீண்டும் ஒரே மைதானத்தில் நின்றன என்பதை இந்தக் கோப்பையின் ஏடுகளில் காண முடிகிறது. அவ்விரு நாடுகள் குவைத்தும் இராக்கும் ஆகும்.

தொடக்கம்

முதல் வளைகுடாக் கோப்பை 1970ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் பஹ்ரைனில் தொடங்கியது. பஹ்ரைன், குவைத், கத்தர், சவூதி அரேபியா ஆகிய நான்கு அணிகளே அதில் கலந்துகொண்டன. இங்கே ஒரு செய்தியை நினைவிற்கொள்ள வேண்டும். அன்று பஹ்ரைனும் கத்தரும் ஆங்கிலேயரின் பாதுகாப்பின் கீழ் இருந்தன. அவ்விரண்டும் முழு விடுதலை பெற்றது 1971இல்தான். ஐக்கிய அரபு அமீரகம் என்றொரு நாடு உருவானதும் அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள்தான். ஆக, இன்று இக்கோப்பைக்காகப் போட்டியிடும் நாடுகளில் மூன்றைவிடக் கோப்பைக்கே வயது அதிகம். பிறகு 1972இல் அமீரகமும், 1974இல் ஓமனும், 1976இல் இராக்கும் வந்து சேர்ந்தன. யமன் சேர்ந்தது வெகு காலம் கழித்து, 2003இல்.

முதல் நான்கு கோப்பைகளையும் குவைத்தே வென்றது. பரப்பளவில் நம் தமிழ்நாட்டின் ஏழில் ஒரு பங்குகூட இல்லாத நாடு அது. எண்ணெய் வருவாயில் ஒரு பகுதியை மைதானங்களுக்கும் பயிற்சிக்கும் செலவிட்டு, உலகக் கோப்பையை வென்ற பிரேசில் நாட்டுப் பயிற்சியாளர் மாரியோ சகாலோவையே தன் அணிக்கு அழைத்துவந்தது. அவருக்குப் பின் அதே நாட்டைச் சேர்ந்த கார்லோஸ் அல்பர்ட்டோ பரேரா வந்தார். 1980இல் ஆசியக் கோப்பையையும் குவைத் வென்றது. 1982இல் ஸ்பெயின் நாட்டில் நடந்த உலகக் கோப்பைக்குச் சென்றபோது, வளைகுடா அரபு நாடுகளிலிருந்து அங்கு சென்ற முதல் அணி என்னும் சிறப்பும் அதற்குக் கிட்டியது.

இராக்கின் வருகைக்குப் பின்னரே இக்கோப்பைக்குச் சூடு பிடித்தது எனலாம். தான் கலந்துகொண்ட முதல் போட்டியிலேயே, அதாவது 1976இல் தோஹாவில், இராக் குவைத்துக்குச் சமமான புள்ளிகளைப் பெற்றுவிட்டது. யாருக்குக் கோப்பை என்று தீர்மானிக்கத் தனியே ஓர் ஆட்டம் வைக்க வேண்டியதாயிற்று. அதில் குவைத் 4-2 என்னும் கணக்கில் வென்றது. மூன்று ஆண்டுகள் கழித்து 1979இல் பக்தாதில் போட்டி நடந்தபோது, இராக் கோப்பையைத் தட்டிக்கொண்டது. ஹுஸைன் ஸயீத் என்னும் இளைஞர் அந்தப் போட்டியில் மட்டும் பத்து கோல்கள் அடித்தார்.

அந்த அணியின் பயிற்சியாளரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் செல்ல மனமில்லை. அம்மோ பாபா என்று இராக்கிய மக்கள் அன்போடு அழைத்த அவரது இயற்பெயர் இம்மானுவேல் பாபா தாவூத். அசீரியக் கிறிஸ்தவ சமூகத்தைச் சேர்ந்தவர். இராக் வென்ற 1979, 1984, 1988 ஆகிய மூன்று வளைகுடாக் கோப்பைகளும் அவரது பயிற்சியின் கீழ் வென்றவையே. 2009இல் அவர் மறைந்தபோது, ஷீஆ, சுன்னி, குர்து என்று பிரிந்து கிடந்த இராக் மக்கள் அனைவரும் ஒன்றாக அவருக்காக வருந்தினர்.

முதல் பத்துப் போட்டிகளின் கணக்கைப் பார்த்தால் வியப்பு மேலிடும். 1970 முதல் 1990 வரையிலான இருபது ஆண்டுகளில் குவைத் ஏழு முறையும் இராக் மூன்று முறையும் வென்றன. வேறு எந்த நாடும் ஒரு முறைகூட வெல்லவில்லை. பரந்து விரிந்த சவூதி அரேபியா தன் முதல் கோப்பைக்காக 1994 வரை காத்திருக்க நேர்ந்தது. கோப்பை என்பது நடைமுறையில் குவைத்துக்கும் இராக்குக்கும் இடையிலான பேச்சாகவே இருந்தது.

உறவும் உரசலும்

இவ்விரு நாடுகளுக்கும் இடையில் பழைய கணக்கொன்று தீராமல் கிடந்தது. 1961 ஜூன் 19ஆம் நாள் குவைத் விடுதலை பெற்ற சில நாட்களிலேயே, இராக்கின் ஆட்சியாளர் அப்துல் கரீம் காஸிம், "குவைத் எங்கள் பஸ்ரா மாகாணத்தின் ஒரு பகுதி" என்று உரிமை கோரினார். ஆங்கிலேயப் படை வந்திறங்கியது. பின்னர் அரபு லீகின் படை அதன் இடத்தில் நின்றது. காஸிம் வீழ்ந்த பிறகு, 1963 அக்டோபரில்தான் இராக் குவைத்தைத் தனி நாடாக ஏற்றது. அதற்கு அடுத்த ஆண்டு, 1964 நவம்பரில், அரபு நாடுகள் அனைத்துக்குமான அரபுக் கோப்பைப் போட்டியைக் குவைத் நடத்தியது. இராக் அணி குவைத்துக்குச் சென்று ஆடிக் கோப்பையை வென்று திரும்பியது. நேற்றுவரை "இது என் நாடு" என்று சொன்னவர்கள் இன்று விருந்தினராக வந்து நின்றார்கள். அவர்களும் விருந்தினராகவே வரவேற்கப்பட்டார்கள்.

1980இல் இராக் – ஈரான் போர் மூண்டது. எட்டு ஆண்டுகள் நீடித்த அந்தப் போரில் குவைத் இராக்குக்குப் பெருந்தொகை கடன் கொடுத்தது. பின்னாளில் பகைக்கு வித்திட்டவற்றுள் அந்தக் கடனும் ஒன்று. போர்க்காலத்திலும் இராக் அணி ஆடியது. 1984இலும் 1988இலும் வளைகுடாக் கோப்பையை வென்றது. ஆனால் மைதானத்துக்கு வெளியே இருந்த அரசியல் மெல்ல மெல்ல உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. 1982இல் அமீரகத்தில் நடந்த போட்டியிலிருந்து இராக் பாதியிலேயே விலகிக்கொண்டது. ஸத்தாமின் மகன் உதை, இராக்கிய ஒலிம்பிக் குழுவின் தலைவரானார். தோற்றுத் திரும்பிய ஆட்டக்காரர்கள் சிறையில் அடைக்கப்பட்டதையும் அடிக்கப்பட்டதையும் அந்த ஆட்சி வீழ்ந்த பின் அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். அவ்வளவு அச்சத்தோடு ஆடிய ஒருவனுக்குப் பந்து எவ்வளவு கனமாக இருந்திருக்கும்!

குவைத்தின் பக்கத்தில் நினைவுகூர வேண்டியவர் ஷைக் ஃபஹத் அல்அஹ்மத் அஸ்ஸபாஹ். அவர் அன்றைய அமீர் ஷைக் ஜாபிரின் இளைய சகோதரர். குவைத் கால்பந்துச் சங்கத்தின் தலைவர். ஆசிய ஒலிம்பிக் குழுவின் முதல் தலைவர். இவரை உலகம் அறிந்தது ஒரு விசித்திரமான நிகழ்ச்சியால். 1982 ஜூன் 21ஆம் நாள், ஸ்பெயின் நாட்டின் வல்லாடொலிட் நகரில், குவைத்தும் பிரான்சும் உலகக் கோப்பையில் மோதின. ஆட்டம் 3-1 என்ற நிலையில் இருந்தபோது, பார்வையாளர் பகுதியிலிருந்து எழுந்த ஊதல் ஒலியை நடுவரின் ஊதல் என்று எண்ணிக் குவைத் ஆட்டக்காரர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அந்த இடைவெளியில் பிரான்ஸ் அணியினர் கோல் அடித்தனர். நடுவர் அதனை ஏற்றார். உடனே ஷைக் ஃபஹத், தலைப்பாகையும் அங்கியுமாகத் தம் இருக்கையிலிருந்து இறங்கி மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார். சோவியத் நாட்டைச் சேர்ந்த நடுவர் தம் தீர்ப்பை மாற்றிக்கொண்டு அந்தக் கோலை நீக்கினார். உலகக் கோப்பை வரலாற்றில் அதற்கு முன்போ பின்போ இப்படியொன்று நடந்ததில்லை. பிரான்ஸ் மீண்டும் ஒரு கோல் அடித்து 4-1 என்று வென்றது என்பது வேறு செய்தி. ஷைக் அவர்கள் செய்தது முறையா என்று கேட்டால், முறையன்று என்றே நானும் சொல்வேன். நடுவரின் தீர்ப்பை இருக்கையிலிருந்து இறங்கி வந்து மாற்றுவது ஆட்டத்துக்கு அழகல்ல. ஆனால் தம் பிள்ளைகளுக்கு அநீதி நேர்ந்ததாக எண்ணிப் பதறி ஓடிய ஒரு தந்தையின் உருவம் அதில் தெரிகிறது என்பதையும் மறுக்க முடியவில்லை.

1990

பத்தாவது வளைகுடாக் கோப்பை 1990 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் குவைத்தில் நடந்தது. தொடக்கமே நல்ல சகுனமாக இல்லை. போட்டிக்கெனக் குவைத் தேர்ந்தெடுத்த சின்னத்தில் இருந்த குதிரைகள், 1920இல் நடந்த ஜஹ்ரா போரை நினைவூட்டுவதாகக் கருதிச் சவூதி அரேபியா வரவே மறுத்துவிட்டது. இராக் வந்தது, ஆடியது, பாதியில் சினங்கொண்டு வெளியேறியது. எஞ்சிய அணிகளோடு ஆடிக் குவைத் தன் ஏழாவது கோப்பையை வென்றது.

ஐந்து மாதங்கள்கூட முழுமையாகக் கடக்கவில்லை. ஆகஸ்ட் 2ஆம் நாள் அதிகாலையில் இராக்கின் பீரங்கி வண்டிகள் எல்லையைக் கடந்து குவைத் நகருக்குள் நுழைந்தன. அமீரின் தஸ்மான் அரண்மனையருகே நடந்த சண்டையில் ஷைக் ஃபஹத் கொல்லப்பட்டார். அவருக்கு வயது நாற்பத்து நான்கு. எந்த நாட்டின் அணியைத் தம் மண்ணில் சில மாதங்களுக்கு முன் வரவேற்றாரோ, அந்த நாட்டின் படையினரது குண்டுக்கே அவர் இரையானார்.

அப்போது நான் சிறுவன். குவைத்தில் வேலை செய்துவந்த எங்கள் தெருக்காரர் ஒருவரிடமிருந்து வாரக்கணக்கில் எந்தச் செய்தியும் வரவில்லை. பிறகு ஒருநாள் கையில் ஒரு சிறு பையோடு வந்து சேர்ந்தார். பக்தாத் வழியாகப் பாலைவனத்தைக் கடந்து, ஜோர்டான் எல்லையில் கூடாரத்தில் கிடந்து, அம்மானிலிருந்து விமானம் ஏறி வந்ததாகச் சொன்னார். அம்மான் வழியே ஏர் இந்தியா விமானங்கள் ஏறத்தாழ இரண்டு மாத காலம் இடைவிடாது பறந்து, லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியரைத் தாயகம் சேர்த்தன. நம் ஜமாஅத்திலும் அவ்வாறு திரும்பிய மூத்தவர்கள் சிலர் இருப்பார்கள். அந்நாட்களின் கடுமையை அவர்களைக் கேட்டே அறிய வேண்டும்.

1991 பிப்ரவரியில் குவைத் மீட்கப்பட்டது. இராக்கை வளைகுடாக் கோப்பையிலிருந்து விலக்கி வைத்தார்கள். ஐ.நா.வின் பொருளாதாரத் தடையும் சேர்ந்துகொள்ள, மருந்துக்கே தவித்த ஒரு நாட்டில் பந்தாட்டத்தைப் பற்றி யார் பேசுவார்? ஆட்சியாளர் செய்த குற்றத்துக்குப் பஸ்ராவின் பந்தாடும் பிள்ளைகளும் தண்டனை அனுபவித்தார்கள். அதே வேளையில், தம் வீட்டு ஆடவர் எங்கே புதைக்கப்பட்டார் என்பதே தெரியாமல் காத்திருந்த குவைத் தாய்மார்களிடம் போய், "விளையாட்டு வேறு, அரசியல் வேறு" என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? காணாமற்போன அறுநூற்றுக்கும் மேற்பட்டோரில் பலரது எலும்புகள் 2003க்குப் பின்னரே இராக்கின் மணலிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டன. இரண்டு பக்கமும் வலி இருந்தது. எனவே அந்தப் பதினான்கு ஆண்டுகளின் விலக்கலைச் சரி என்றோ தவறு என்றோ ஒற்றைச் சொல்லில் தீர்த்துவிட எனக்கு மனம் வரவில்லை.

திரும்பி வந்த அணி

ஸத்தாமின் ஆட்சி 2003இல் வீழ்ந்தது. 2004 டிசம்பரில் தோஹாவில் நடந்த பதினேழாவது கோப்பைக்கு இராக் அழைக்கப்பட்டது. அதனால் அணிகளின் எண்ணிக்கை எட்டாயிற்று; அதுவரை எல்லா அணிகளும் ஒன்றோடொன்று ஆடிவந்த முறையை மாற்றி, இரு பிரிவுகளாகப் பிரித்து அரையிறுதி, இறுதி ஆட்டம் என்று நடத்தத் தொடங்கினார்கள்.

முதலிரண்டு போட்டிகளில் குவைத்தும் இராக்கும் வெவ்வேறு பிரிவுகளில் இருந்தன. 1990க்குப் பிறகு இக்கோப்பையில் அவை நேருக்கு நேர் நின்றது 2009 ஜனவரியில், ஓமனில். ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிந்தது. அடுத்த ஆண்டே யமனில் அரையிறுதியில் சந்தித்தன. 2-2 என்று சமநிலை. பின்னர் பெனால்டி உதைகளில் 5-4 எனக் குவைத் வென்று, இறுதியில் சவூதியையும் வீழ்த்தித் தன் பத்தாவது கோப்பையைப் பெற்றது. அதற்குப் பிறகு அந்நாடு கோப்பையைத் தொடவில்லை.

2017இல் வேறொரு பிளவு வந்தது. சவூதி அரேபியா, அமீரகம், பஹ்ரைன் ஆகியவை கத்தரோடு உறவை முறித்துக்கொண்டன. தோஹாவில் நடக்கவிருந்த போட்டிக்கு அவை வர மறுத்தன. போட்டியை யார் ஏற்று நடத்துவது? ஒரு காலத்தில் தானே அண்டை நாட்டால் மிதிக்கப்பட்ட குவைத்துதான் அந்தச் சச்சரவில் நடுநிலை வகித்துச் சமாதானம் பேசிக்கொண்டிருந்தது. கத்தரும் விட்டுக்கொடுக்க, கோப்பை குவைத்துக்கு மாறியது. அந்த டிசம்பரில் இராக் அணி குவைத்துக்கு வந்து ஆடியது. 1990இல் சினங்கொண்டு வெளியேறிய அதே நாட்டுக்கு, இக்கோப்பைக்காக இருபத்தேழு ஆண்டுகள் கழித்து அது வந்தது. 2019இல் கத்தரில் போட்டி நடந்தபோது, உறவு இன்னும் சீராகாத நிலையிலும் அம்மூன்று அணிகளும் தோஹாவுக்கு வந்தன. முதல் போட்டியை நடத்திய பஹ்ரைன், நாற்பத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்து தன் முதல் கோப்பையை அங்கே வென்றது. 2021 ஜனவரியில் அல்உலா நகரில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அரசர்களுக்கு முன்பே ஆட்டக்காரர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

பஸ்ரா

பஸ்ரா என்றதும் மதரஸாவில் நஹ்வு ஓதியவர்களுக்குப் பஸ்ராவாசிகளுக்கும் கூஃபாவாசிகளுக்கும் இடையிலான இலக்கண வழக்குகள் நினைவுக்கு வரும். ஸீபவைஹி வாழ்ந்த நகரம். ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் வாழ்ந்த நகரம். அந்நகரில் 65,000 பேர் அமரக்கூடிய பெரிய மைதானம் ஒன்றை இராக் எழுப்பி 2013இல் திறந்தது. ஆயினும் நாட்டின் பாதுகாப்பு நிலையைக் காரணம் காட்டி அங்கு நடக்க வேண்டிய போட்டி ஒருமுறை பஹ்ரைனுக்கும், மறுமுறை ரியாதுக்கும் மாற்றப்பட்டது. விருந்துக்கு இடம் ஒதுக்கிவிட்டு விருந்தினர் வராமல் போன வீடு போல அந்த நகரம் காத்துக்கிடந்தது.

2023 ஜனவரியில் விருந்தினர் வந்தார்கள். குவைத்திலிருந்து கார்களில் அப்தலீ, ஸஃப்வான் எல்லைச் சாவடிகளைக் கடந்து மக்கள் பஸ்ராவுக்குச் சென்றனர். அந்தச் சாலையின் வரலாறு தெரிந்தவர்களுக்கு மெய்சிலிர்க்கும். 1990இல் இராக்கின் படை குவைத்துக்குள் இறங்கியதும் அவ்வழியே. 1991இல் பின்வாங்கி ஓடிய இராக்கியப் படையினர் அமெரிக்க விமானங்களின் குண்டுகளுக்குக் கருகிக் கிடந்ததும் அவ்வழியே. பஸ்ராவில் விடுதிகள் போதவில்லை. நகர மக்கள் தம் வீட்டுக் கதவுகளைத் திறந்து, அறியாதவர்களை அழைத்து உணவளித்துத் தங்க வைத்தார்கள். கடைகளில் காசு வாங்க மறுத்ததாகச் சென்று வந்தவர்கள் சொன்னார்கள்.

எல்லாம் இனிமையாகவே நடந்தது என்று எழுதிவிட்டால் அது வரலாறாகாது. தொடக்க நாளில் முக்கிய விருந்தினருக்கான பகுதியில் ஏற்பட்ட நெரிசலிலும் தள்ளுமுள்ளிலும் குவைத் அமீரின் பிரதிநிதி உள்ளே நுழைய முடியாமல் திரும்பிச் சென்றார். இராக் மன்னிப்புக் கேட்டது. குவைத் அணி போட்டியிலிருந்து விலகவில்லை, தங்கி ஆடியது. பழைய நாட்களாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஜனவரி 19ஆம் நாள், இறுதி ஆட்டத்தன்று, காலை முதலே வாயில்களில் திரண்ட கூட்டத்தின் நெரிசலில் உயிரிழப்பும் நேர்ந்தது, பலர் காயமுற்றனர். அந்தத் துயரத்தினூடே ஆட்டம் நடந்தது. ஓமன் அணி ஆட்டம் முடியும் தறுவாயில் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் இராக் முன்னிலை பெற, ஓமன் 119ஆம் நிமிடத்தில் மீண்டும் சமன் செய்தது. கடைசி நொடிகளில் மனாஃப் யூனுஸ் தலையால் முட்டிய பந்து வலைக்குள் சென்றது. 3-2. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் இராக் நான்காவது முறையாகக் கோப்பையை ஏந்தியது.

அடுத்த போட்டி 2024 டிசம்பர் 21ஆம் நாள் குவைத்தில் தொடங்கியது. குவைத்துக்குச் சென்றிருந்த நம் நாட்டுப் பிரதமரும் தொடக்க விழாவில் விருந்தினராக அமர்ந்திருந்தார். அவ்விழா நடந்த மைதானத்தின் பெயர் ஜாபிர் அல்அஹ்மத். ஷைக் ஃபஹதின் அண்ணன், 1990இல் நாட்டை இழந்து வெளியேற நேர்ந்த அமீர். கோப்பையைத் தக்கவைத்துக்கொள்ள வந்த இராக், யமனை வென்று, பஹ்ரைனிடமும் சவூதியிடமும் தோற்றது. தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்று, தன் மூன்று ஆட்டங்களையும் முழுமையாக ஆடி முடித்துவிட்டு ஊர் திரும்பியது.